ஒன்பதாவது கட்டம்

அன்று காலை பத்தரை மணிக்குப் பெரிய சிஸ்டரின் அறையில் இருந்தவர்கள், குழந்தையையும் சேர்த்து, ஏழு பேர். மேசைக்குப் பின்னால் சுழல் நாற்காலியில், நான்கு நாளைக்கு முன் மாற்றலாகி வந்திருந்த புது டாக்டரம்மா. மருந்து அலமாரியை ஒட்டிய ஸ்டூலில் பெரிய சிஸ்டர். முழுதாக உட்காராமல் எந்நேரமும் எழுந்துவிடலாம் என்பதுபோல் ஒரு ஓரத்தில் இருந்தார். எதிர் பெஞ்சில், முந்தின மாதம் பிரசவத்தில் இறந்துபோன பெண்ணின் அக்கா. வெளியூரில் தையற்கடை வைத்திருப்பவர். அவர் பக்கத்தில் சரக்கு வேன் ஓட்டும் அவர் கணவர். சன்னலோரத் தனி நாற்காலியில், சட்டைப் பொத்தான்களைத் திறந்துவிட்டு, இறந்தவளின் கணவரான பெயின்டர். அவர் நெஞ்சில் துணிக்கட்டுக்குள், பிறந்து முப்பத்துநான்கு நாளான அவர் மகள். கதவோரச் சின்ன மேசையில், எழுத வேண்டியவன் என்பதால், நான்.

வெளிநாட்டிலிருந்து வந்த கடிதத்தை டாக்டரம்மா சத்தமாகப் படித்தார்.

"உங்கள் இருபத்தேழாம் எண் குழந்தையின் தாய் இரண்டாம் நாள் இறந்ததாக முதல் பக்கத்தில் இருக்கிறது. மூன்றாம் நாள் முதல் இருபத்தைந்தாம் நாள் வரை அதே தாய் குழந்தையை முந்நூற்றுத் தொண்ணூற்றொரு மணி நேரம் நெஞ்சில் வைத்திருந்ததாக ஒன்பதாவது கட்டத்தில் இருக்கிறது. இது எப்படி என்று கையெழுத்திட்ட அசல் கடிதத்தில் தெரிவிக்கவும். அதுவரை உங்கள் மருத்துவமனையின் நாற்பத்தொரு குழந்தைகளின் படிவங்களையும் ஒதுக்கி வைத்திருக்கிறோம்."

வேன்காரர் மெதுவாகச் சொன்னார். "பேய்ப் படத்துல கூட இப்படி எடுக்க மாட்டான்."

"சும்மா இருங்க," என்றார் அவர் மனைவி.

ஐந்து நாடுகளின் ஐந்து மருத்துவமனைகள் சேர்ந்து செய்யும் வேலை அது. எங்களுடையது அதில் ஆகச் சிறியது. எடை குறைந்து பிறக்கும் குழந்தையை, கண்ணாடிப் பெட்டிகள் போதாத இடங்களில், தாயின் வெறும் நெஞ்சோடு தோல்படக் கட்டி வைத்துச் சூடு காத்து வளர்ப்பது. எத்தனை மணி நேரம் வைத்தால் எவ்வளவு பலன் என்று ஐந்து இடத்திலும் ஒரே மாதிரிப் படிவத்தில் எழுதி, ஓர் இடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து எங்களுக்கு இரண்டு சூட்டுப் படுக்கைகளும், கிராம் பிசகாத ஒரு தராசும், பொம்மையை நெஞ்சில் கட்டிக் காட்டிப் பாடம் நடத்திய ஒரு நர்சும் வந்தார்கள். அந்த நர்ஸ் போகும்போது எனக்கு இரண்டு விதிகள் சொன்னார். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது. கட்டத்துக்கு வெளியே எதுவும் எழுதக்கூடாது. நான் படித்த பள்ளியிலும் இதையேதான் சொன்னார்கள். அதனால் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது.

ஒரு குழந்தையின் படிவம் இருபத்தைந்தாம் நாளோடு முடியும். அதன் ஒன்பதாவது கட்டத்தின் தலைப்பு: 'தாய் வைத்திருந்த நேரம்.' தகப்பனுக்குக் கட்டம் இல்லை.

டாக்டரம்மா கடிதத்தை மடித்தார். "இதுல இன்னொரு சிக்கல் இருக்கு. குழந்தை இன்னிக்கு ஆயிரத்து எண்ணூத்து அஞ்சு கிராம். நாளைக்கு வீட்டுக்கு அனுப்பலாம். ஆனா நூறு மணி நேரத்துக்குக் குறையாம வச்சுப் பழகினவங்க கையிலதான் குடுக்கணும்னு விதி. பேப்பர்படி பார்த்தா அப்படி ஒரே ஒருத்தர்தான். அவங்க இல்ல."

"நான் இருக்கேனே டாக்டர்," என்றார் பெயின்டர்.

"நாலு நாளா நீங்க வச்சிருக்கிறத நான் பாக்குறேன். அதுக்கு முன்னாடி நடந்ததுக்கு எனக்குப் பேப்பர்தான் சாட்சி. சரிபார்த்தேன்னு கையெழுத்துப் போட்டது யாரு?"

பெரிய சிஸ்டர் மருந்து அலமாரியைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் காலையில் நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு சூட்டுப் படுக்கைகளில் ஏற்கெனவே மூன்று குழந்தைகள். இது ஆயிரத்து இருநூற்று நாற்பது கிராம். முந்தின நாள் மாலைதான் இதன் தாயை வலிப்பில் இழந்திருந்தோம். பெயின்டருக்கு அப்பா அம்மா இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. மனைவியின் அக்கா சாவுக்கு வந்துவிட்டு, பிள்ளைகளுக்குப் பரீட்சை என்று மறுநாளே கிளம்பிவிட்டார். குழந்தையின் கால் சில்லிட ஆரம்பித்தது. பெரிய சிஸ்டர் வராந்தாவுக்குப் போய் அந்த மனிதரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தார்.

"சட்டையக் கழட்டுங்க."

"சிஸ்டர், நான் ஆம்பள."

"அது எனக்கும் தெரியுது. உடம்புல சூடு இருக்கா, அதச் சொல்லுங்க."

சூடு இருந்தது. பெயின்டும் இருந்தது. நெஞ்சு முடியில் இரண்டு மூன்று வண்ணங்கள் உருண்டை பிடித்துக் கிடந்தன. எண்ணெய் தேய்த்துப் பார்த்தும் வரவில்லை. நாவிதரைக் கூப்பிட்டு மழித்துவிட்டார்கள். "அண்ணே, எத்தன கோட்டு அடிச்சிருக்கீங்க உங்களுக்கு," என்று ஒரு சின்ன சிஸ்டர் கேட்க, அந்தத் துக்கத்திலும் அவர், "ப்ரைமரே இன்னும் காயலம்மா," என்றார். பிறகு குழந்தையை, கால்களை விரித்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து அவர் நெஞ்சில் ஒட்டவைத்துக் கட்டினார்கள். சுவரில் பல்லி இருப்பது போலவே இருந்தது. அன்றிலிருந்து வார்டில் அதற்குப் பெயர் பல்லிக்குட்டி.

பெண்கள் வார்டில் ஆண் உட்கார முடியாது. அதனால் வார்டின் கடைக்கோடியில், துணி அறையை ஒட்டி, ஒரு பச்சைத் தட்டி வைத்து அதற்குப் பின்னால் அவருக்கு நாற்காலி போட்டார்கள். முகம் சுவரைப் பார்த்து. தட்டிக்கு இந்தப் பக்கம் எட்டுத் தாய்மார்கள் தங்கள் குழந்தைகளை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பேசுவார்கள். முதல் வாரத்தில் ஒருத்தி தன் மாமியாரைப் போல நடித்துக் காட்ட, தட்டிக்குப் பின்னாலிருந்து இவரும் சிரித்துவிட்டார். வார்டு முழுதும் சட்டென்று அமைதியாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்டதில்லை. சிரிப்பு வரும்போது தோளை மட்டும் குலுக்கி, குழந்தை அசையாதபடி உடனே நிறுத்திக்கொள்வார்.

ஒரு நாளைக்கு மூன்று முறை படிவத்தோடு நான் அங்கே போவேன். அவரிடம் பேச வருகிறவன் நான் ஒருத்தன்தான் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் நின்றபடியேதான் கேட்பேன்.

"எத்தன மணி நேரம்?"

"நீங்க போனதுல இருந்து இறக்கவே இல்ல சார். ஒன்னுக்குப் போகும்போது மட்டும் பெரிய சிஸ்டர் வாங்கிக்கிட்டாங்க. ஒரு கால் மணி கழிச்சுக்குங்க."

"சரி."

"சார், இந்தச் சுவத்துக்குப் பட்டி பாக்காமலே அடிச்சிருக்கான். கிட்ட வந்து பாருங்க, மேடும் பள்ளமுமா."

"நல்லாத்தானே இருக்கு."

"நீங்க அஞ்சு நிமிஷம் பாக்குறீங்க. நான் பதினேழு மணி நேரம் பாக்குறேன்."

அந்தப் பதினேழைக் கொண்டுபோய் ஒன்பதாவது கட்டத்தில் எழுதுவேன். முதல் நாள் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தேன். காலியாக விட்டால் குழந்தையை யாருமே வைத்திருக்கவில்லை என்றாகும், அது பொய். வெளியே 'தகப்பன்' என்று எழுதினால் விதி மீறல். கட்டத்துக்குள் நேரத்தை எழுதினால், நேரமாவது உண்மை. முதல் பக்கத்தில் தாய் இறந்த தேதியை, சொல்லியிருந்தபடி, சிவப்பு மையில் நானே எழுதினேன். இரண்டையும் எழுதியது ஒரே கை. இரண்டும் சரி என்றே நினைத்தேன். பெரிய சிஸ்டர் அடியில் கையெழுத்துப் போட்டார். இருபத்துமூன்று நாளும், ஒரு கையில் ஊசியும் மறு கையில் பேனாவுமாக.

இதையெல்லாம் அன்று அந்த அறையில் சொன்னேன். டாக்டரம்மா குறுக்கிடாமல் கேட்டார்.

பெரிய சிஸ்டர் ஸ்டூலை விட்டு எழுந்தார். "கிளார்க் சார், இதுக்கு ஒரே வழிதான். அம்மான்னு எழுதினது செத்தவள இல்ல, அவ அக்காவன்னு எழுதிடுங்க. பெரியம்மாவும் ஒரு அம்மாதானே. பொம்பள வச்சிருந்தான்னா அங்க யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. நாப்பத்தொரு பேப்பரும் பிழைக்கும். பிள்ளையும் அக்காகூடப் போகப்போகுது. எல்லாம் நேராயிடும்."

பெயின்டர் குழந்தையின் முதுகிலிருந்த கையை எடுக்காமலே திரும்பினார். "சிஸ்டர், நீங்கதானே சட்டையக் கழட்டச் சொன்னீங்க."

"சொன்னேன் தம்பி. இல்லேன்னு சொல்லல." அவர் குரல் இறங்கிவிட்டது. "ஆனா தப்புத் தப்பா எழுதுற வார்டுன்னு பேர் வந்துட்டா அடுத்து ஒன்னும் அனுப்ப மாட்டாங்க. மூணு பிள்ளைக்கு ரெண்டு படுக்கைய வச்சுக்கிட்டு நான்தானே நிக்கணும்."

"பிள்ளை அக்காகூடப் போகுதுன்னு யாரு சொன்னது?"

"நான் சொன்னேன்," என்றார் தையற்காரம்மா. "தம்பி, கோவிச்சுக்காதீங்க. ஒத்த ஆளு. சாரத்துல ஏறினா இது எங்க இருக்கும்? பெயின்டு வாளியிலயா?"

"மூணு கிலோ ஆகுற வரைக்கும் ஏறல அக்கா."

"அப்புறம்?"

"தரையில நிக்கிற வேலையா எடுத்துக்கிறேன். காம்பவுண்டு, கேட்டு, சன்னல் கம்பி. அதெல்லாம் தரையிலதான் நிக்குது."

"காய்ச்சல் வந்தா?"

"இங்க தூக்கிட்டு வருவேன்."

"பொம்பளப் பிள்ள தம்பி."

"தெரியும் அக்கா. நான்தானே துணி மாத்துறேன்."

"சகல," என்றார் வேன்காரர், கெஞ்சுவது போல. "எங்க வீட்டுல ஆள் இருக்கு. நீங்க எப்ப வேணும்னாலும் வந்து பாத்துக்கலாம். ஒரு பிள்ள எங்க வளந்தா என்ன?"

பெயின்டர் குனிந்து குழந்தையின் உச்சியைப் பார்த்தார். மூச்சை ஆழமாக இழுத்தால் குழந்தை விழித்துக்கொள்ளும் என்று, அரை மூச்சாக விட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா சொன்னார்: "அக்கா கையெழுத்துப் போட்டாதான் சிஸ்டர் சொல்ற மாதிரி எழுத முடியும். அம்மா, நீங்க என்ன சொல்றீங்க?"

தையற்காரம்மா கொஞ்ச நேரம் தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மொதல்ல நான் வச்சுப் பாக்கறேன்," என்றார்.

படிவம் முடிந்திருந்தாலும், வைத்திருக்கும் ஆள் மாறினால் நேரம் குறித்துப் பழகிவிட்டதால் நானும் வார்டுக்குப் போனேன். பதினொன்று ஐந்துக்குக் கட்டை அவிழ்த்தார்கள். தட்டிக்குப் பின்னால் அக்கா உட்கார, பெரிய சிஸ்டர் குழந்தையை அவர் நெஞ்சில் பொருத்தினார். முப்பது நாளுக்கு மேலாக அந்த நாற்காலியில் இருந்தவர் தட்டிக்கு வெளியே, நடைபாதையில், சட்டை திறந்தபடி நின்றார். கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. பின்னால் கட்டினார், இறக்கினார், நெஞ்சில் ஈரம் காய்ந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தாய்மார்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

குழந்தை அழவில்லை. பெரியம்மாவின் நெஞ்சிலும் நன்றாகவே தூங்கியது. அதைத் தட்டியின் இடுக்கு வழியே பார்த்துவிட்டு அவர் இன்னும் ஓரடி தள்ளி நின்றார்.

"அக்கா," என்றார் தட்டியைப் பார்த்து. "இடது காது மடிஞ்சுக்கும்."

"நேராக்கிட்டேன்."

"பால் குடிச்சுப் பத்து நிமிஷத்துல சில சமயம் மூச்சு விட மறந்துடும். உள்ளங்காலச் சுண்டினா ஞாபகம் வந்துடும்."

"மறந்துச்சுன்னு எப்படித் தெரியும்?"

"நெஞ்சுல தெரியும் அக்கா. நம்ம மூச்சு மட்டும் தனியாப் போகும்."

"எத்தன தடவ ஆச்சு?"

"மொத வாரம் பதினொன்னு. அடுத்த வாரம் நாலு. அதுக்கப்புறம் ரெண்டு. இப்ப ஒன்பது நாளா இல்ல."

"அப்பெல்லாம் யாரு சுண்டினது?"

"நான்தான். வேற யாரு இருந்தா?"

இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. கேட்டதற்குச் சொன்னார். தட்டிக்கு அப்பாலிருந்து தையற்காரம்மாவின் குரல் வந்தது. "நான் இருந்திருக்கலாம்."

"பிள்ளைங்களுக்குப் பரீட்சைன்னு சொன்னீங்களே அக்கா."

"பரீட்சை மூணு நாள்ல முடிஞ்சிருச்சு தம்பி."

அவர் தட்டியை நோக்கி ஓரடி கிட்டே வந்தார்.

"அவ இல்லாத எடத்துக்கு வர பயமா இருந்துச்சு. துணி வெட்டிக்கிட்டே இருந்தேன். வந்த துணியெல்லாம் வெட்டித் தீத்துட்டேன்."

பன்னிரண்டு ஐந்துக்குத் தையற்காரம்மாவே பெரிய சிஸ்டரைக் கூப்பிட்டார். குழந்தையை எடுக்கும்போது கட்டுத்துணியைக் கையில் விரித்துப் பார்த்தார். "இத யாரு தச்சது?"

"நான்தான் அக்கா. பழைய வேட்டி."

"சொல்லவே வேணாம். சிமென்டு மூட்ட தச்ச மாதிரி இருக்கு. தோள்ல அறுக்கலையா?"

"பழகிருச்சு."

"உக்காருங்க. பிள்ளைய வச்சுக்குங்க."

அவர் உட்கார்ந்தார். குழந்தை அதன் இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. தையற்காரம்மா கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, குழந்தையோடு சேர்த்து அவர் நெஞ்சைச் சுற்றி அளந்தார். தோளிலிருந்து விலாவுக்கு, விலாவிலிருந்து முதுகுக்கு. "மூச்ச இழுங்க. முழுசா இழுங்க தம்பி, ஏன் பாதி இழுக்கறீங்க," என்று அதட்டினார். "வளர்றதுக்கு ரெண்டு மடிப்பு உள்ள விடறேன். மூணு கிலோ வரைக்கும் தாங்கும்." துணி அறையில் போர்வை தைக்கும் பழைய இயந்திரம் ஒன்று உண்டு. முக்கால் மணி நேரம் அது ஓடும் சத்தம் கேட்டது.

மதியம் அவர் பெரிய சிஸ்டரின் அறைக்கு வந்து, நின்றபடியே சொன்னார்: "என் பேர அப்படி எழுதாதீங்க. நான் வச்சிருந்தது ஒரு மணி நேரம். அத வேணா எழுதிக்குங்க."

"உள்ளத உள்ளபடி எழுதுங்க," என்றார் டாக்டரம்மா என்னிடம். "நான் மேலொப்பம் போடறேன். நகல் ஒன்னு குழந்தை ஃபைல்ல வச்சிடுங்க. அத வச்சு நாளைக்கு அப்பா பேர்ல அனுப்பறேன். அங்க அவங்க என்ன முடிவு பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது சிஸ்டர்."

பெரிய சிஸ்டர் தலையை மட்டும் அசைத்தார். பிறகு, "அந்த இருபத்துமூணு பேப்பரையும் எடுத்துட்டு வாங்க சார். ஒவ்வொன்னா படிச்சுட்டுப் போடறேன்," என்றார்.

மூன்று மணி பஸ்ஸுக்கு அக்காவும் கணவரும் கிளம்பினார்கள். போகும்முன் தையற்காரம்மா தட்டியருகே நின்று, "ஞாயித்துக்கிழம வர்றேன். வரும்போது இது சாப்பிட்டிருக்கணும், நீங்களும் சாப்பிட்டிருக்கணும்," என்றார். குழந்தையின் உச்சியைத் தொட கையை நீட்டிவிட்டு, கை கழுவவில்லையே என்று இழுத்துக்கொண்டார். வாசலில் வேன்காரர் அவர் பையை வாங்கிக்கொண்டார். பஸ் வரும்வரை அந்த அம்மாள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு நின்றதை மாடிச் சன்னலிலிருந்து பார்த்தேன்.

அதன்பின் ஸ்டூல் ஒன்றைத் தட்டிக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்து, திருத்தப் பட்டியல் எழுதினேன். நாள் வாரியாக இருபத்துமூன்று வரிகள். ஒவ்வொரு வரியிலும் முதலில் எழுதியது, இப்போது எழுதுவது. புதிதாகத் தைத்த கட்டுத்துணி குழந்தையைத் தாங்க, பெயின்டர் இரண்டு கையையும் விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"சார், என் பேருக்கு நேரா எவ்வளவு வருது?"

"முந்நூத்துத் தொண்ணூத்தொன்னு."

"அவ பேருக்கு?"

"பூஜ்யம்."

அவர் சுவரைப் பார்த்தார். "இத்தன நாளும் அவ கணக்குல ஏறிட்டு இருந்துச்சா?"

"ஆமா. என் தப்புதான்."

"எனக்குத் தெரியாதுல்ல. தெரிஞ்சிருந்தா..."

"வந்து சொல்லியிருப்பீங்க."

"இல்ல சார். சொல்லியிருக்க மாட்டேன்."

தட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருத்தி தன் குழந்தைக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் குரலைத் தணித்தார்.

"மொத நாள் அவ வச்சிருந்தா சார். வலிப்பு வர்றதுக்கு முன்னாடி. பெரிய சிஸ்டர்தான் நெஞ்சுல வச்சுவிட்டாங்க. கதவுக் கண்ணாடி வழியா நான் பாத்தேன். நாப்பது நிமிஷம் இருக்கும். எனக்குத் தெரியற மாதிரி தலைய மட்டும் தூக்கி இதக் காட்டினா."

"ஒரு மணி நேரத்துக்குக் கம்மியா இருந்தா எழுத வேணாம்னு விதி."

"சரி சார்," என்றார்.

நான் எழுந்து பெரிய சிஸ்டரிடம் போய்க் கேட்டேன். அவர் இருபத்துமூன்று தாள்களில் பதினாறாவதைப் படித்துக்கொண்டிருந்தார். "ஆமா. நாலு இருபதுக்கு வச்சேன். அஞ்சு மணிக்குக் கண்ணு மேல போயிருச்சு. நாந்தான் பிள்ளைய வாங்கினேன்," என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதுங்க. கையெழுத்துப் போடறேன்."

கடிதத்தை இப்படி முடித்தேன்:

'மேற்கண்ட நேரம் முழுவதும் குழந்தையை வைத்திருந்தவர் அதன் தகப்பன். உங்கள் படிவத்தில் அவருக்குக் கட்டம் இல்லாததால் தாயின் கட்டத்தில் எழுதியது என் பிழை. மற்ற நாற்பது குழந்தைகளின் படிவங்களில் இப்பிழை இல்லை. வேறு ஒருவர் வைத்திருந்தால் எழுத ஒரு கட்டம் சேர்க்கும்படி ஐந்து இடங்களுக்காகவும் கேட்டுக்கொள்கிறேன். முதல் நாள் மாலை நான்கு இருபது முதல் ஐந்து மணி வரை, நாற்பது நிமிடம், குழந்தையைத் தாய் வைத்திருந்தார். உங்கள் விதிப்படி இது கணக்கில் சேராது. இருந்தாலும் நடந்தது. கட்டத்தில் இடமில்லை என்றால் ஓரத்திலாவது இதை எழுதிக்கொள்ள வேண்டும்.'

அவருக்குப் படித்துக் காட்டினேன். கடைசி வரிகளை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். குழந்தையின் முதுகுக்கு மேல் நீட்டிய அட்டையில் சாட்சிக் கையெழுத்தைப் போட்டார். உடம்பு அசையாமல் மணிக்கட்டை மட்டும் அசைத்துப் போட்டதால் எழுத்து சின்னதாக இருந்தது. பிறகு டாக்டரம்மா, பிறகு பெரிய சிஸ்டர்.

நகலை ஃபைலில் வைத்துவிட்டு, அசலையும் பட்டியலையும் உறையிலிட்டுப் பசை தடவி ஒட்டினேன். ஓரங்களை விரலால் இரண்டு முறை அழுத்தினேன். தபால் நிலையம் மூட இன்னும் இருபது நிமிடம் இருந்தது. சன்னலுக்குப் பின்னால் இருந்தவர் உறையை எடை போட்டு, தூர தேசத்து முகவரியைப் படித்துவிட்டு, "உள்ள என்ன?" என்று கேட்டார்.

"ஒரு திருத்தம்," என்றேன்.

அவர் முத்திரை குத்தி, வெளிநாட்டுப் பைக்குள் அதைப் போட்டார்.